கயிறு பிடிக்க ஒரு பட்டி

ஒன்பதே கால் மணிக்குச் சிலுவைக்கு ஒரு நண்பன் தேவைப்பட்டான். ஒன்பதரைக்குள்.

கிடைக்காவிட்டால் வேலை இல்லை. வேலை இல்லை என்பதை வீட்டுக்குப் போய் ஏழு மாதக் கர்ப்பிணியான பிரகாசியிடம் சொல்ல வேண்டும். அதற்குப் பேசாமல் கடலுக்கு அடியிலேயே இருந்துவிடலாம். மனைவி பிரகாசி, கம்பெனி தரப்போகும் இ.எஸ்.ஐ. அட்டையை வைப்பதற்குப் பீரோவில் இடமே ஒதுக்கிவிட்டாள். சங்கு குளிக்கிறவனுக்கு எந்த அட்டையும் கிடையாது. இந்தப் பிள்ளை பிறக்கும்போது அப்பன் மாதச் சம்பளக்காரனாக இருக்க வேண்டும் என்பது அவள் தீர்ப்பு. மேல்முறையீடு இல்லை.

தூத்துக்குடித் துறைமுகத்தில், கப்பல்களின் அடிப்பாகத்தைச் சுத்தம் செய்யும் ஒரு கம்பெனியின் தகரக் கொட்டகை. அதற்குள் திரேஸ்புரத்திலிருந்து வந்த பத்துப் பேர். பத்துப் பேரும் சங்கு குளிப்பவர்கள். எதிரே, ஆரஞ்சு நிறத் தலைக்கவசத்துடன், கழுத்தில் விசிலுடன் ஐஸ்வர்யா. கம்பெனியின் பாதுகாப்பு அதிகாரி. கோயம்புத்தூர்ப் பெண். வயது இருபத்தெட்டு. முகத்தில் மட்டும் ஐம்பது வயதுக்கான கண்டிப்பு.

அவள் சொன்ன உத்தரவு இதுதான்:

“எல்லாரும் பட்டி அப் பண்ணிக்குங்க.”

பஸ்ஸுக்கு வருகிற ‘ப’. பட்டி.

ஒருவர் தண்ணீருக்குள் போவார். மற்றவர் மேலே நின்று அவருடைய கயிற்றையும் காற்றுக் குழாயையும் பிடித்துக்கொள்வார். அந்த இருவரும் ஒருவருக்கொருவர் பட்டி. பேசி, பழகி, பிடித்துப்போய் ஜோடி சேர்ந்துகொள்வதற்குப் பெயர் பட்டி அப் என்று அவளே விளக்கமும் கொடுத்தாள். ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்விகளை ஒரு சார்ட்டில் எழுதி மாட்டியிருந்தாள். பிடித்த உணவு எது? பிடித்த நிறம் எது? சிறு வயதுக் கனவு என்ன? இதற்குப் பதினைந்து நிமிடம்.

திரேஸ்புரம் இரண்டே நிமிடத்தில் வேலையை முடித்துவிட்டது. எட்டுப் பேர், நான்கு ஜோடி. சார்ட்டை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. இவ்வளவு சீக்கிரம் எப்படி என்று ஐஸ்வர்யா வியந்தாள்.

வியக்க ஒன்றுமில்லை. அவரவர் தம் மச்சானுடன் போய் நின்றுகொண்டார்கள்.

அந்தக் கடற்கரையில் முத்து எடுத்த காலத்திலிருந்து இருக்கிற வழக்கம் அது. கடலில் இறங்குகிறவனின் கயிற்றை அவன் மனைவியின் உடன்பிறந்தவன்தான் பிடிப்பான். கயிறு கைநழுவினால் தாலி இழக்கப் போகிறவள் அவனுடைய சொந்த அக்காளோ தங்கையோ அல்லவா? அதனால் தூங்க மாட்டான். பராக்குப் பார்க்க மாட்டான். பீடி பற்ற வைக்கக்கூடக் கையை எடுக்க மாட்டான்.

மிச்சம் நின்றது இரண்டே பேர். ஒன்று சிலுவை. எட்டடி தள்ளி முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது டெரன்ஸ்.

டெரன்ஸ், பிரகாசியின் தம்பி. சிலுவையின் சொந்த மச்சினன். இருவரும் பேசி இரண்டு வருடம் ஆகிறது.

காரணம், ஒரு பிளக்ஸ் பேனர்.

டெரன்ஸின் கல்யாணத்துக்கு மாதா கோயில் தெரு முனையில் இருபதடி பேனர் வைத்தார்கள். மேல் வரிசையில் வாழ்த்தும் உள்ளங்கள். கீழ் வரிசையில், மேகங்களுக்கு நடுவே, ‘விண்ணிலிருந்து ஆசி வழங்குவோர்’. தாத்தா, பாட்டி, பெரியப்பா. அவர்களுக்கு அடுத்தபடியாக, தலைக்குப் பின்னால் ஒளிவட்டத்துடன், சிலுவை.

பேனர் நான்கு நாள் நின்றது. ஏரலிலிருந்து வந்த ஒரு வாழைக்காய் வியாபாரி பேனருக்குக் கீழே நின்றிருந்த சிலுவையிடமே துக்கம் விசாரித்தார். நெருங்கின சொந்தமா என்று கேட்டார். ரொம்ப நெருங்கின சொந்தம் என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தவன்தான். என் உசிரைப் பிடிச்சிருக்கிற பயலே என்னைச் செத்தவன் வரிசையில வச்சிட்டான், இனிமே அவன் கையில கயிறு கொடுக்க மாட்டேன் என்று பிரகாசியிடம் அறிவித்தான். அன்று முதல் கூலிக்கு ஆள் வைத்துத்தான் சங்கு குளித்துக்கொண்டிருக்கிறான்.

மணி ஒன்பது இருபது.

சிலுவை சூசையிடம் போனான். பத்துப் பேரில் மூத்தவர் சூசை, நாற்பத்தைந்து வயது. உம்ம மச்சானை டெரன்ஸோடு அனுப்பிவிட்டு நீர் என்னோடு வாரும் என்று கெஞ்சினான். சூசை காதில் விரலை விட்டுக் குடைந்துகொண்டார்.

“ஏலே, உன் மச்சினன் அங்கன குத்துக்கல்லு மாதிரி நிக்கான். அவன் நிக்கையில உன் கயித்தை நான் தொட்டா ஊர்ல என்ன பேசுவானுவ? அவன் செத்துட்டான்னு அர்த்தம்லா.”

“அவன் எனக்கு அதைத்தான செஞ்சான்?”

“அதுக்கு நான் என்னலே செய்ய முடியும்? போயிப் பேசு.”

மற்ற ஏழு பேரும் அதையேதான் வேறு வேறு வார்த்தைகளில் சொன்னார்கள்.

கடைசி முயற்சியாகச் சிலுவை ஸ்டோர் கீப்பர் செந்தூர்வேலிடம் ஓடினான். படிவங்களை வாங்கி அடுக்குகிறவர் அவர்தான். ஏரல் பக்கத்து ஆள், நெல் வயல்காரர், இங்கிலீஷ் தெரிந்தவர். அந்த வார்த்தைக்கு உண்மையிலேயே என்ன அர்த்தம், நானே எனக்குப் பட்டியாக இருந்துகொள்ள வழி இருக்கிறதா என்று கேட்டான். செந்தூர்வேல் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுச் செல்போனில் தேடினார்.

அமெரிக்கப் பேச்சு வழக்காம். நண்பன், கூட்டாளி என்று பொருளாம். எங்கிருந்து வந்தது என்பதில் அவர்களுக்கே உறுதி இல்லையாம். பிரதர் என்று சொல்ல வராத குழந்தை வாயில் தேய்ந்து பட்டி ஆகியிருக்கலாம் என்கிறது ஒரு கட்சி. சுரங்கத்துக்குள் சேர்ந்து வேலை செய்தவனை பட்டி என்கிற மாதிரி ஒரு பெயரால் கூப்பிடுவார்கள், அதிலிருந்து வந்திருக்கலாம் என்கிறது இன்னொரு கட்சி.

சிலுவை முதல் கட்சியை அங்கேயே நிராகரித்தான். கூடப் பிறந்தவன் கையில் எவனாவது கயிற்றைக் கொடுப்பானா? இருப்பது ஒரு வீடு, பங்கு இரண்டு. கயிறு நழுவினால் பங்கு ஒன்று. வெள்ளைக்காரனுக்குச் சொத்துத் தகராறே கிடையாதா அண்ணாச்சி என்று கேட்டான்.

“உனக்கு ஒம்பது இருவத்தெட்டு ஆச்சு தம்பி” என்றார் செந்தூர்வேல்.

படிவம் மேஜை மேல் இருந்தது. டெரன்ஸ் வந்தான். சிலுவை வந்தான். ஒருவன் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு கையெழுத்துப் போட்டான். மற்றவன் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு போட்டான். கடைசியில் ஒரு கட்டம்: ‘இருவருக்கும் உள்ள உறவு’. மற்ற நான்கு ஜோடிகளும் அதில் ‘மச்சான்’ என்று எழுதியிருந்தார்கள்.

டெரன்ஸ் பேனாவை எடுத்து ‘இல்லை’ என்று எழுதினான்.

சிலுவை பேனாவை வாங்கி, அந்த ‘இல்லை’க்குக் கீழே இரண்டு கோடு போட்டான். அழுத்தமாக.

பத்தரை மணிக்குத் தொலைபேசி அடித்தது. மும்பைத் தலைமை அலுவலகம். அனுப்பிய படிவங்களைப் பார்த்துவிட்டிருந்தார்கள்.

ஐஸ்வர்யா அறைக்குள் போகும்போது சாதாரணமாகப் போனாள். வரும்போது ஒரு தாளுடன் வந்தாள். நெருங்கிய உறவினர்கள் ஒரே ஜோடியாக இருக்கக் கூடாது என்பது கம்பெனி விதி. சொந்தக்காரன் பதறுவான், ஒருவன் தப்பை ஒருவன் மறைப்பான். ஆகவே நான்கு ஜோடியும் கலைந்து, உறவில்லாத ஆளோடு சேர்ந்து, இன்றே தேர்வு எழுத வேண்டும். எழுத என்றால், இறங்க.

“ஒரே ஒரு ஜோடிதான் சரியா இருக்கு. சிலுவை, டெரன்ஸ். நீங்க அப்படியே இருக்கலாம்.”



எட்டு ஜோடிக் கண்கள் சிலுவை மேல். அதே எட்டு ஜோடி டெரன்ஸ் மேல். ஒருவன் வாயைத் திறந்தான். சூசை அவன் காலை மிதித்தார். பிறகு மெல்லிய குரலில் நியாயம் சொன்னார். நாம் சொன்னால் நமக்கு ஒன்றும் கூடப் போவதில்லை. ஒரு ஜோடியாவது தேறட்டும். தவிர, பேச்சு வார்த்தை இல்லாதவர்களை உறவு என்று எப்படிச் சொல்வது?

தேர்வு எளிது. படகுத்துறையில் கட்டியிருக்கும் பழைய பார்ஜ் மிதவையின் அடியில், ஒன்பது மீட்டர் ஆழத்தில், ஒரு பித்தளைத் தகடு கட்டப்பட்டிருக்கும். அவிழ்த்துக்கொண்டு வர வேண்டும். பன்னிரண்டு நிமிடம். கீழே போகிறவரின் தலைக்கவசத்தில் போன் உண்டு. மேலே ஒரு ஸ்பீக்கர் பெட்டி. மேலே இருப்பவர் நிமிடத்துக்கு ஒரு தரம் பேச்சுக் கொடுக்க வேண்டும். தொடர்ந்து இரண்டு தரம் பேச்சு விட்டுப்போனால் தோல்வி.

கலந்து போட்ட நான்கு ஜோடிகளும் வரிசையாகக் கவிழ்ந்தன. சூசை இறங்கியபோது கயிறு வேறொருவன் கையில். அவன் ஒவ்வொரு முழம் விடுவதற்கும் பின்னால் நின்ற சூசையின் மச்சானைத் திரும்பிப் பார்த்து, விடட்டுமா என்று உத்தரவு கேட்டான். மூன்றாம் நிமிடத்தில் மச்சானுக்குப் பொறுக்கவில்லை. கயிற்றைப் பிடுங்கிவிட்டார். ஐஸ்வர்யா விசில் ஊதினாள். அடுத்த ஜோடியில் மேலே நின்றவன், எனக்கு எதுக்கு வம்பு என்று இரண்டாம் நிமிடமே ஆளை மேலே இழுத்துவிட்டான். மற்ற இரண்டும் பதினாறு நிமிடம், பதினெட்டு நிமிடம்.

ஐந்தாவதாகச் சிலுவை.

குழாய் மாட்டினார்கள். கயிறு கட்டினார்கள். முடிச்சைச் சரிபார்க்க டெரன்ஸின் விரல்கள் வந்தன. இரண்டு வருடத்துக்குப் பிறகும் அதே இடத்தில் அதே மாதிரி இரண்டு சுண்டு சுண்டின. சிலுவை கடலைப் பார்த்தான். குதித்தான்.

உள்ளே இருட்டு. நிலக்கரி இறங்கும் துறையின் தண்ணீர். சங்கு கிடக்கும் கடல் மாதிரிக் கண்ணாடியாக இருக்காது. கையை நீட்டினால் கை காணாமல் போனது.

மேலே ஒரு நிமிடம் முடிந்தது. டெரன்ஸ் வாயைத் திறக்கவில்லை. ஐஸ்வர்யா கடிகாரத்தைத் தட்டிக் காட்டினாள். டெரன்ஸ் செந்தூர்வேல் பக்கம் திரும்பி, கீழே இருக்கிறவர் எப்படி இருக்கிறார் என்று கேட்டுச் சொல்லச் சொன்னான். நீங்கதான் கேட்கணும் என்றாள் ஐஸ்வர்யா. இரண்டாம் நிமிடம் முடிய ஏழு நொடி. டெரன்ஸ் பெட்டியைப் பார்த்துச் சொன்னான்:

“யாரோ கீழ போயிருக்கீங்களாம். நல்லா இருக்கீங்களா?”

பெட்டி கரகரத்தது.

“யாரோ மேல நிக்காங்களாம். அவங்ககிட்டச் சொல்லுங்க, உசிரோடதான் இருக்கேன்னு. மேகத்துக்குள்ள இன்னும் போகலை.”

சூசைக்கு இருமல் வந்தது. மற்ற ஏழு பேருக்கும் தொற்றியது.

மூன்றாம் நிமிடம். பேனர் அடிச்சது கடைக்காரன், நான் இல்லை என்றான் டெரன்ஸ். போட்டோவை அனுப்பினது யாரு என்றது பெட்டி. நான்காம் நிமிடம். நீரு ஒரே ஒரு போட்டோதான் வச்சிருந்தீரு, ரேஷன் கார்டுக்கு எடுத்தது, அதைப் பார்த்தா எவனுக்கும் அப்படித்தான் தோணும் என்றான் டெரன்ஸ். ஐஸ்வர்யாவின் பேனா நின்றது. இது வேலை சம்பந்தமான பேச்சா என்று செந்தூர்வேலிடம் கேட்டாள். வெளிச்சம் சரியில்லைன்னு பேசிக்கிடுதாங்க மேடம் என்றார் அவர்.

ஐந்தாம் நிமிடம் சிலுவை தகட்டைப் பிடித்துவிட்டான். ஆறாம் நிமிடம் அவிழ்த்துவிட்டான். ஆனால் சண்டையை விடவில்லை. ஒரு வார்த்தை வந்து வருத்தம் தெரிவிச்சியா நீ என்று கேட்டது பெட்டி. நாலு தரம் வந்தேன், நாலு தரமும் கக்கூஸுக்குள்ள போயி உக்காந்துக்கிட்டது யாரு என்றான் டெரன்ஸ்.

பதில் வரவில்லை.

கக்கூஸ் விஷயத்துக்குப் பதில் இல்லை போலிருக்கிறது என்று எல்லோரும் நினைத்தார்கள். டெரன்ஸ் மட்டும் நினைக்கவில்லை. அவன் விரல்களுக்கு நடுவில் கயிறு லேசாக அதிர்ந்தது. இழுப்பு இல்லை. சைகை இல்லை. சும்மா ஓர் அதிர்வு, தந்திக்கம்பியில் காக்கை உட்கார்ந்த மாதிரி.

கீழே, கழற்றிவிட்ட ஏதோ பழைய நங்கூரக் கயிற்றின் வளையம் சிலுவையின் காற்றுக் குழாயைச் சுற்றிக்கொண்டிருந்தது. அவன் திரும்பத் திரும்ப அது இறுகியது. பேசக் காற்றைச் செலவழிக்க முடியவில்லை.

விதிப்படி டெரன்ஸ் கை தூக்க வேண்டும். அதிகாரியிடம் சொல்ல வேண்டும். மாற்று ஆள் இறங்க வேண்டும். டெரன்ஸ் எதுவும் செய்யவில்லை. ஒரு பாகம், அதாவது ஆறடி, கயிறு விட்டான். துறையின் ஓரமாக இடப்பக்கம் பத்து எட்டு எடுத்து வைத்தான். சாய்ந்து, மெல்ல, மிக மெல்ல இழுத்தான். ஸ்பீக்கர் பெட்டியைச் சூசை தூக்கிக்கொண்டு பின்னாலேயே ஓடினார்.

“மச்சான், இடப்பக்கம் உருளும். குழாயைப் பிடிக்காதேயும், கயித்தைப் பிடியும். நான் பிடிச்சிருக்கேன். அக்காளுக்கு ஏழு மாசம். உருளும் மச்சான்.”

மூன்று நொடி. ஐந்து. எட்டு.

“உருண்டுட்டேன் மாப்ள” என்றது பெட்டி. “இழு.”

பதினோரு நிமிடம் நாற்பது நொடியில் பித்தளைத் தகடு மேலே வந்தது. அதன் பின்னால் சிலுவை.

யாரும் கை தட்டவில்லை. எல்லோரும் ஐஸ்வர்யாவைப் பார்த்தார்கள். அவள் கையில் படிவம். உறவு: இல்லை. இரண்டு கோடு.

“யாரோட அக்கா?” என்று கேட்டாள்.

டெரன்ஸ் ஏதோ ஒரு தூரத்து அக்காவைத் தயார் செய்ய ஆரம்பித்தான். சூசை வானத்தைப் பார்த்தார். சிலுவை தலைக்கவசத்தைக் கழற்றிக் கீழே வைத்தான். அட்டைக்காகப் பீரோவில் ஒதுக்கிய இடம் ஒரு கணம் கண்ணுக்குள் வந்து போனது.

“என் பொண்டாட்டி, மேடம். இவனுக்குக் கூடப் பிறந்த அக்கா. எழுதினது பொய். அவன் ஒரு தரம்தான் எழுதுனான். ரெண்டு கோடு போட்டது நான். மறுபடியும் அதையே சொல்லச் சொன்னா எனக்கு வாய் வரலை. வேலை இல்லைன்னா சொல்லிருங்க, போறோம்.”

ஐஸ்வர்யா எல்லோரையும் கொட்டகையில் உட்கார வைத்தாள். இந்த மச்சான் விவகாரத்தை ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்று கேட்டாள். நீங்க கேக்கலையே மேடம் என்றார் சூசை. ஜோடி சேருங்கன்னீங்க, சேந்தோம். பிறகு அவரே தாலிக் கணக்கை நிதானமாக விளக்கினார். கயிறு பிடிக்கிறவன் பதறுவான் என்று மும்பையில் சொல்கிறார்கள். பதறாதவன் கையில் கயிறு எதற்கு என்று கேட்டார். ஐஸ்வர்யா சார்ட்டைப் பார்த்தாள். பிடித்த நிறம் எது? எழுந்து போய் அதைக் கழற்றிச் சுருட்டி வைத்தாள்.

அன்று மாலை அவள் தலைமை அலுவலகத்துக்கு எழுதிய கடிதம் ஒரு பக்கம். கலந்து போட்ட நான்கு ஜோடிகளின் நிலவரம், மச்சான் ஜோடி எடுத்த நேரம், பெட்டியில் பதிவான எட்டு நொடி. டெரன்ஸ் விதியை மீறியதையும் மறைக்காமல் எழுதினாள். கக்கூஸ் பற்றிய பகுதியை மட்டும் விட்டுவிட்டாள்.

பதில் வர ஒன்பது நாள் ஆனது. அந்த ஒன்பது நாளும் சிலுவை மீண்டும் சங்குக்குப் போனான். கூலி ஆள் வரவில்லை. டெரன்ஸ் போனான். பிரகாசி இரண்டு பேருக்கும் சேர்த்துச் சோறு கட்டிக் கொடுத்தாள்.

பத்தாம் நாள் மும்பை இறங்கி வந்தது. தூத்துக்குடிக்கு மட்டும் விதிவிலக்கு. மனைவி வழி உறவை மறைக்காமல் எழுதினால் ஜோடி சேரலாம், மறுபடி தேர்வு உண்டு. பொய் எழுதிய இருவருக்கும் எச்சரிக்கைக் கடிதம். வேலை உத்தரவுக்கு முன்னாலேயே எச்சரிக்கைக் கடிதம் வாங்கியவர்கள் கம்பெனி வரலாற்றிலேயே இவர்கள்தான் என்று செந்தூர்வேல் பெருமையாகச் சொன்னார். மறுதேர்வில் ஐந்து ஜோடியும் தேறின.

சேருகிற அன்று புதுப் படிவம். ‘உறவு’ என்ற கட்டத்துக்குக் கீழே ஐஸ்வர்யா புதிதாக ஒரு கட்டம் சேர்த்திருந்தாள்: ‘இருவருக்கும் தற்சமயம் பேச்சு வார்த்தை உண்டா?’

டெரன்ஸ் ‘உண்டு’ என்று எழுதினான். சிலுவை பேனாவை வாங்கி அதற்குக் கீழே இரண்டு கோடு போட்டான்.

போட்டோ ஒட்ட வேண்டிய இடத்தில் செந்தூர்வேல் கண்ணாடியை இறக்கிவிட்டு உற்றுப் பார்த்தார். முந்தின நாள் ஸ்டுடியோவில் எடுத்தது. போட்டோக்காரருக்குப் பின்னால் நின்று டெரன்ஸ் ஏதோ செய்திருக்க வேண்டும். சிலுவையின் முப்பத்திரண்டு பல்லும் தெரிந்தது. கண் இரண்டும் மூடிவிட்டது. அலுவலகப் படிவத்துக்கு இப்படியா சிரிப்பார்கள் தம்பி என்று கேட்டார்.

“ஒட்டுங்க அண்ணாச்சி” என்றான் சிலுவை. “பாக்கிறவனுக்கு ஆளு உசிரோட இருக்கான்னு தெரியணும்லா.”